அரிசி போடாத வெள்ளிக்கிழமை

ஓய்வு பெற்றவன் எழுதுகிறான் என்றால் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியும்தான் உங்கள் மனதில் வரும். எனக்கு இருபத்தெட்டு வயது. ஆய்வுகூடத்தை விட்டு இரண்டு வருடமாகிறது. இப்போது கிண்ணியாவில் மாமாவின் இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறேன். மில்லிகிராம் போய் கிலோ வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆணி யாரையும் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்புவதில்லை என்பது இன்னொரு வித்தியாசம்.

நான் நின்ற மேசையில் இப்போது நீங்கள் இரண்டு பேர் நிற்கிறீர்கள். இயந்திரம் ஏன் இடைக்கிடை முரண்டு பிடிக்கிறது என்று போனில் கேட்டிருந்தீர்கள். அதற்குப் புத்தகம் அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. நான் அதைக் கடைசிவரை திறக்கவில்லை, ஆகவே பக்கங்கள் புதிதாகத்தான் இருக்கும். நான் எழுதப்போவது அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்று. பகிடியாகத் தொடங்குகிறேன் என்று நம்பி முழுவதும் சிரிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் இரண்டு தரம் தவறியவன். துறைமுக வீதியில் மீனும் தண்ணீரும் சோதிக்கிற ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவத்தான் சேர்ந்தேன். அங்கே இரசாயனவியலாளராக ஒரு மிஸ் இருந்தார். பெயர் வேண்டாம். இன்றைக்கும் எனக்கு அவர் மிஸ்தான். நகரத்துப் பெண், என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர், சிரிக்க வேண்டிய இடத்தில் மூக்கை மட்டும் சுருக்குவார். போத்தல் கழுவிய என்னைத் தராசுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது அவர்தான். என் கை நடுங்காது என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். வாய் நிற்காது என்பதை எல்லோருமே கண்டுபிடித்திருந்தார்கள்.

சேர்ந்த புதிதில் சீனன்குடாப் பக்கம் ஒரு கிணற்றில் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். வெயில் கொளுத்தியது. நான் வாசல் குழாயில் போத்தலை நிரப்பிக்கொண்டு, ஒரு மணி நேரம் தேத்தண்ணிக் கடையில் இருந்துவிட்டு, முகத்தை வியர்வையாக்கிக்கொண்டு வந்தேன். பின்னேரம் மிஸ் கூப்பிட்டார்.

"கிணத்துத் தண்ணியில குளோரின் இருக்குது."

"அந்த வீட்டு ஆக்கள் சரியான சுத்தம் மிஸ். கிணத்துக்கே குளோரின் போட்டுக் குளிப்பாட்டுவினம்."

"நல்லாச் சிரிச்சாச்சு. இப்ப பஸ் ஏறிப் போ."

போனேன். அன்றைக்கு நான் கற்றிருக்க வேண்டியது ஒரு பாடம், கற்றது இன்னொன்று. பொய் சொல்லுவதென்றால் மனிதருக்கு மட்டும் சொன்னால் போதாது, இயந்திரத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

காளான் எங்களிடம் வரத் தொடங்கியது மிஸ்ஸால்தான். மாரி மழை விட்டதும் மாட்டுச் சாணத்தில் ஒரு காளான் முளைக்கும், நீங்களும் கண்டிருப்பீர்கள். தண்டை நசித்தால் நீலம் ஏறும். தின்றவனுக்குச் சுவர் மூச்சு விடும், கடல் கூப்பிடும். கடற்கரை விடுதிகளுக்கு வருகிறவர்களில் சிலர் அதைத் தேடித்தான் வருகிறார்கள். அதிலுள்ள பொருளைப் பிரித்து அளப்பதைத்தான் மிஸ் மேற்படிப்பில் செய்திருந்தார். சைலோசைபின் என்பார். நான் சரக்கு என்பேன். கொழும்பில் வரிசை நீளம் என்பதால், முதல் அபிப்பிராயம் கேட்டு நீதிமன்றத்திலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் பொட்டலங்கள் எங்களுக்கு வந்தன.

சாற்றை எடுப்பதும் இயந்திரத்தில் ஏற்றுவதும் மிஸ்ஸின் வேலை. உலர்த்தி அரைத்துக் கொடுப்பது என் வேலை. அரைப்பதற்கு இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார்.

முதலாவது, அரைக்கும் முன் பாதியை எடுத்து முத்திரை வைத்து உறைபெட்டியில் போட வேண்டும்.

இரண்டாவது, அரிசி. மிளகாய் அரைத்த கிரைண்டரை வீட்டில் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? ஒரு பிடி பச்சையரிசி போட்டு ஓட்டுவார்கள். நாங்களும் அதையே செய்தோம். ஒரு காளானை அரைத்தபின் பிரஷ், பிறகு ஸ்பிரிட், பிறகு ஒரு பிடி அரிசி. ஆனால் அந்த அரிசி மாவைக் கொட்டக்கூடாது. போத்தலில் போட்டு, திகதி எழுதி, அதையும் காளானைப் போலவே சோதிப்போம். மாவில் ஒன்றும் இல்லையென்றால் கிரைண்டர் சுத்தம், அடுத்த காளானில் காண்பது அந்தக் காளானுடையதுதான். மாவில் ஏதாவது தெரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். "சோறாக்காம அரிசியை வீணாக்கிற ஒரே குசினி எங்கடதான் மிஸ்" என்பேன். மூக்கைச் சுருக்குவார்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

கடற்கரை விடுதியொன்றில் தங்கியிருந்த இருபது வயதுப் பொடியன் ஒருவன் கடலில் இறங்கித் திரும்பவில்லை. அடுத்த நாள் கரையொதுங்கினான். அவனுடைய அறையில் ஒரு தகரப் பேணிக்குள் காய்ந்த காளான் இருந்தது. கந்தளாய் வீதியோரம் ஒரு பெண்ணிடம் அவன் காளான் வாங்கியதைக் கண்டதாக யாரோ சொல்ல, பொலிஸ் அவளையும் கூடையையும் தூக்கிவந்தது. அவளைப் பூமணி அக்கா என்று வைத்துக்கொள்வோம். தாமரைக் கிழங்கும் காட்டுக் கீரையும், மழைக்குப் பின் கறையான் புற்றில் முளைக்கிற, கறிக்குப் போடும் புற்றுக் காளானும் விற்கிறவர். முப்பது வருடமாக அதே மரத்தடி. விற்றது புற்றுக் காளான்தான் என்று அவர் சொன்னார். பேணியில் இருந்ததும் கூடையில் இருந்ததும் ஒன்றா என்று எங்களிடம் கேட்டார்கள். ஒன்றென்றால் அக்காவுக்கு மறியல். இல்லையென்றால் வீடு.

கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. பேணிக் காளான் சருகு. கூடைக் காளான் பொலித்தீன் பையில் மூன்று நாள் வெக்கையில் கிடந்து கறுத்த கூழாக வந்தது. உலர்த்தினால் தேக்கரண்டி அளவுகூட வரவில்லை.

பேணிக் காளானில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மற்றதை முதலில் அரைத்தேன். மணி இரண்டேகால். மூன்று மணிக்கு எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் கிரிக்கெட். நான்தான் முதல் பந்து போடுகிறவன். கிண்ணியாப் பாலம் தாண்டிப் போக வேண்டும். அரிசிப் பேணியைத் திறந்தேன், காலி. கடைக்குப் போய் வந்தால் பத்து நிமிடம், அரைக்க, வழிக்க, திரும்பத் துடைக்க இன்னும் இருபது. பிரஷ் போட்டேன். ஸ்பிரிட்டில் ஒரு துடைப்பு. கண்ணுக்குப் பளபள என்றிருந்தது.

அடுத்தது கூடைக் காளான். அதில் பாதி எடுத்து வைக்கப் பார்த்தேன். இருந்ததே கொஞ்சம். பாதியைப் போட்டால் பிளேட் பிடிக்காது, தூள் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றும். எல்லாவற்றையும் போட்டு அரைத்தேன்.

அரிசி மாவுப் போத்தல் ஒன்று வேண்டுமே. அலுமாரியில் முந்தின கிழமைப் போத்தல் இருந்தது. சோதித்து, சுத்தம் என்று முடிந்த மாவு. அதிலிருந்து கொஞ்சம் புதுப் போத்தலுக்கு மாற்றி, அன்றைய திகதியை எழுதினேன். குறிப்பேட்டில் 'அரிசி' என்ற இடத்தில் சரி போட்டேன். 'பாதி எடுத்து வைக்கப்பட்டது' என்ற இடத்திலும் சரி போட்டேன். மூன்று பத்துக்கு மைதானத்தில் நின்றேன். அன்று நாங்கள் வென்றோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு முழுதாக இருக்கட்டும்.

திங்கட்கிழமை மிஸ் இயந்திரத்தின் திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டு நெடுநேரம் இருந்தார். பேணிக் காளானுக்குச் சரக்கைக் காட்டும் கோடு மலைபோல எழும்பியிருந்தது. கூடைக் காளானுக்கு அதே இடத்தில் ஒரு சின்ன மேடு. எறும்புப் புற்று மாதிரி. ஆனால் இருந்தது.

"இது சரியான சின்னன்," என்றார். "கிரைண்டரில இருந்து வந்திருக்குமோ?"

"உங்கட கண்ணாடியை விடச் சுத்தம் மிஸ், என்ர கிரைண்டர்."

"பகிடியை விடு. அரிசி போட்டனியோ?"

"போட்டனான். அந்தா போத்தல். நீங்களே பாருங்கோ."

பார்த்தார். மாவில் ஒன்றுமில்லை. ஒரு மனிதர் சந்தேகப்பட்டு, சரியான கேள்வியைக் கேட்டு, சரியான இடத்தில் தேடிப்பார்த்தும் ஏமாறும்படி நான் செய்திருந்தேன். நீதவானுக்கு மறுநாள் அறிக்கை போக வேண்டும். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: காணப்பட்டது, காணப்படவில்லை. அளவு எழுதக் கீழே சின்னதாய் ஒரு கோடு. மிஸ் அளவையும் எழுதி, 'மிகச் சிறிது' என்றும் எழுதினார். அந்தக் கோட்டை யாரும் வாசிக்கவில்லை. இரண்டு பொட்டலத்திலும் காணப்பட்டது என்று வாசித்தார்கள். அக்காவுக்கு அடுத்த விசாரணைத் தவணைவரை பதினான்கு நாள் விளக்கமறியல்.

இரண்டு நாள் கழித்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, கையில் தேக்கிலைப் பொட்டலம் வைத்திருந்தார். பூமணி அக்காவின் புருஷன். கந்தளாய்ப் பக்கம் வயல் வேலை செய்கிறவர்.

"தம்பி, இதையும் ஒருக்காப் பாத்துத் தாறீங்களோ. அதே புத்தில இண்டைக்குக் காலமை புடுங்கினது."

வெள்ளைக் காளான், நல்ல தடித்த தண்டு. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, கோயிலுக்கு நேர்த்திக்குக் கொண்டு வந்த மாதிரியெல்லோ கொண்டு வந்திருக்கிறீங்க. இஞ்ச அர்ச்சனை செய்யிறேல்ல."

அவர் சிரித்தார். என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதற்காகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

மிஸ் வெளியே வந்து, கையில் கொடுப்பதை வாங்க ஏலாது, நீதிமன்றம் வழியாகத்தான் வர வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"அது விளங்குது மிஸ். நான் சண்டைக்கு வரேல்ல. அவவை நேற்றுப் போய்ப் பாத்தனான். அவ சொல்லுறா, மெசினில பாத்து எழுதின கடுதாசி பிழைக்காது, நான்தான் கண் தெரியாமச் சாணிக் காளான் ஒண்டையும் சேத்துப் புடுங்கிப் போட்டன் போல எண்டு. அடுத்த தவணைக்கு ஒத்துக்கொள்ளப் போறாவாம். ஒரு பிள்ளை செத்துப் போச்சு, நான் பொய் சொல்லிப்போட்டு வெளிய வரக்கூடாது எண்டு அழுறா."

மிஸ் அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"முப்பது வருசம் மிஸ். ஒரு நாள் பிழைச்சதில்லை. எங்கட வீட்டில நாங்களும் அதைத்தான் தின்னுறம். ஆனா அவ தன்ர கையை நம்புறா இல்ல, உங்கட கடுதாசியைத்தான் நம்புறா."

பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார். பின்னேரம்வரை அது அங்கேயே கிடந்தது. நான் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஐந்து நாள் எடுத்தேன். முதல் நாள், அந்தச் சின்ன மேடு உண்மையிலேயே அவருடைய காளானில் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். அது பொய்யுமில்லை, இருந்திருக்கலாம்தான். இரண்டாம் நாள், பதினான்கு நாள்தானே என்றேன். மூன்றாம் நாள் கூட்டாளிமார் மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. "என்ன மகன், வாய் அடைச்சுப் போய்க் கிடக்கிறாய்?" என்று கேட்டா. காய்ச்சல் என்றேன்.

ஐந்தாம் நாள் மிஸ் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து, கதவில் சாய்ந்துகொண்டு தொடங்கினேன்.

"மிஸ், ஒரு கதைக்குக் கேக்கிறன். ஒருத்தன் அரிசி போடாம விட்டிட்டு, பழைய மாவைப் போத்தலில போட்டா, மெசின் கண்டுபிடிக்குமோ?"

கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த வெள்ளிக்கிழமையோ?" என்று கேட்டார்.

நான் வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கவில்லை. முழுவதையும் சொன்னேன். இந்த முறை பகிடி ஒன்றும் வரவில்லை.

ஏசுவார் என்று காத்து நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எடுத்து வைச்ச பாதி எங்க?"

"எடுக்கேல்ல மிஸ். எல்லாத்தையும் அரைச்சுப்போட்டன்."

அப்போதுதான் அவர் முகத்தைக் கையால் மூடினார். கிரைண்டர் அழுக்காக இருந்தது பெரிய விஷயமில்லை. மிச்சப் பாதி இருந்தால் ஒரு மணி நேரத்தில் புதுக் கிரைண்டரில் அரைத்து உண்மையைக் கண்டிருக்கலாம். நான் அரைத்த தூளை இனி ஆயிரம் தரம் ஏற்றினாலும் அந்தச் சின்ன மேடு வரும். அது கூடையிலிருந்து வந்ததா கிரைண்டரிலிருந்து வந்ததா என்று உலகத்தில் ஒருவருக்கும் சொல்ல ஏலாது.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக மேலே இருந்த பெரியவரிடம் போனோம். நல்ல மனிதர், எனக்கு வேலை தந்தவர். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அறிக்கையில பிழை இல்லைத்தானே பிள்ளை. மேடு இருந்தது, இருந்தது எண்டு எழுதினீங்கள். எதிர்த்தரப்புக் கேட்டாப் பாப்பம்."

"எதிர்த்தரப்பு எண்டு ஆளில்லை ஐயா. அந்த மனிசி ஒத்துக்கொள்ளப் போகுது."

"இதை நாங்களே போய்ச் சொன்னா, இனி எங்கட மீன் அறிக்கையையும் ஆரும் நம்பமாட்டினம். இஞ்ச பதினொரு பேர் வேலை செய்யினம்."

"தெரியும் ஐயா," என்றார் மிஸ். அவ்வளவுதான் சொன்னார். எழும்பி வந்துவிட்டார்.

பிறகு ஒரு வேலை செய்தோம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். என்னுடைய பிழையைத் திரும்பவும் செய்து பார்த்தோம். பேணிக் காளானில் எடுத்து வைத்திருந்த பாதியிலிருந்து அரைத்தேன். அன்று போலவே பிரஷ், அன்று போலவே அவசரமான ஒரு துடைப்பு. "அண்டைக்கு எப்பிடித் துடைச்சனி, அப்பிடியே துடை. நல்லாத் துடைக்காத," என்று பக்கத்தில் நின்று சொன்னார். பிறகு கடையில் வாங்கிய குற்றமில்லாத காளானை அரைத்தேன். மூன்று தரம் செய்தோம். மூன்று தரமும் கடைக் காளானில் சரக்கு தெரிந்தது. ஒரு தரம் அக்காவின் மேட்டைவிடச் சின்னன், ஒரு தரம் பெரிசு, ஒரு தரம் கிட்டத்தட்ட அதே அளவு.

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது.

"பாருங்கோ மிஸ், அக்காவில ஒண்டும் இல்லை. எல்லாம் என்ர ஊத்தைதான். இல்லை எண்டு எழுதுங்கோ."

"கிரைண்டரில இருந்து வந்திருக்கலாம் எண்டுதான் இது காட்டுது. கூடையில இருக்கேல்ல எண்டு காட்டேல்ல."

"பாவம் மிஸ் அந்த மனிசி. ஒரு சொல்லுத்தானே."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். நான் ஐந்து நாள் ஒளித்து வைத்ததற்கான கோபம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது.

"போன முறை உனக்கு வசதியா ஒரு சரி போட்டாய். இப்ப மனசுக்கு வசதியா இல்லை எண்டு எழுதச் சொல்லுறாய். ரெண்டும் ஒரே வேலைதான்."

முந்தைய அறிக்கையை மீளப் பெறுவதாகவும், கூடையிலிருந்த காளானில் அப்பொருள் இருந்ததா இல்லையா என்று இனி எவராலும் கூற இயலாது என்றும் எழுதினார். காரணத்தை என் கையெழுத்தில் எழுதச் சொன்னார். என் எழுத்துப் பிழைகளை அவர் திருத்தவில்லை.

நீதிமன்றத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். இறந்த பொடியனின் வீட்டார் பிடித்த சட்டத்தரணி குறிப்பேட்டை என் முன்னால் வைத்தார்.

"இதில சரி போட்டது நீர்தானே?"

"ஓம்."

"அண்டைக்குப் பொய் எழுதினீர். இண்டைக்குச் சொல்லுறது உண்மை எண்டு நாங்கள் எப்பிடி நம்புறது?"

அப்படியொரு கேள்விக்கு வழக்கமாக என்னிடம் நாலு மறுமொழி இருக்கும். "நம்பாட்டிலும் சரி, அதுதான் நடந்தது" என்றேன். பின்வாங்கில் பொடியனின் தாய் இருந்தா. அவவுக்கும் அன்றைக்கு ஒரு பதில் கிடைக்கவிருந்தது. அதையும் நான்தான் பறித்தேன் என்பது அவவின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கூடையில் இருந்ததா, இல்லையா. மகன் எதைத் தின்றான், யாரிடம் வாங்கினான். அவ சட்டத்தரணியிடம் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தா. அவர் தெரியாதென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பூமணி அக்காவை விட்டார்கள். பெரியவர் சொன்னது நடந்தது. மீன் கம்பனி ஒன்று எங்களை விட்டுப் போனது, நாலு பேருக்கு வேலை போனது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. மிஸ்தான் "இரு, இனி நீ அரிசி மறக்கமாட்டாய்" என்றார். அது உண்மைதான். ஆனால் தராசுக்கு முன்னால் என் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நடுங்கும் கைக்கு அந்த மேசையில் வேலை இல்லை.

போன மாரியில் மாமாவின் லொறியில் கந்தளாய்க்குச் சாமான் இறக்கப் போனேன். திரும்பும்போது அந்த மரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். அக்கா இருந்தார். அவித்த சோளமும் தாமரைக் கிழங்கும் வைத்திருந்தார். காளான் இல்லை. முதல் நாள்தான் மழை பெய்து விட்டிருந்தது. வீதியில் மற்ற இடங்களில் எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

சோளம் ஒன்று வாங்கினேன். தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, ஆய்வுகூடத்தில உங்கட காளானை அரைச்சது நான்தான். கோர்ட்டில வந்து சொன்னனான். உங்களுக்கு நேர சொல்லேல்ல."

என்னை மேலும் கீழும் பார்த்தார். தெரிந்திருக்கும் போல. அவருக்குக் கோபம் வரவில்லை. அதற்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்.

"நீங்க கதைக்கேக்க எனக்கு ஒண்டும் விளங்கேல்ல தம்பி. விட்டாச்சு, வீட்ட போ எண்டினம். வந்திட்டன்." சோளத்தின் மேல் சாக்கை இழுத்து மூடினார். "எனக்கு ஒண்டு மட்டும் தெரிய வேணும். அண்டைக்கு என்ர கூடையில அது இருந்ததோ, இல்லையோ? நீங்க கையால அரைச்ச ஆள். உங்களுக்குத் தெரியும்."

லொறிக்குள் இருந்து மாமா ஹோர்ன் அடித்தார். ஒரே ஒரு சொல். மிஸ் அங்கே இல்லை. அதைச் சொல்லிவிட்டு லொறியில் ஏறியிருந்தால் அந்த அக்கா அன்றிரவு நித்திரை கொண்டிருப்பார். சொல்ல வாயைத் திறந்தேன் என்பதையும் உங்களுக்கு ஒளிக்கவில்லை.

"தெரியாது அக்கா," என்றேன். "இனி ஒருத்தருக்கும் தெரிய வராது. நான் மிச்சம் வைக்கேல்ல."

தாமரைக் கிழங்குகளை எடுத்துத் திருப்பி அடுக்கினார்.

"வீட்டுக்குப் பின்னால அந்தப் புத்தில நேற்றும் முளைச்சிருக்கு. நல்ல வெள்ளை. புடுங்கித் தந்தாச் சாப்பிடுவீங்களோ?"

"ஓம் அக்கா. தாங்கோ."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அவருக்கும் அது தெரிந்தது.

"நான் சாப்பிட மாட்டன் தம்பி," என்றார். பிறகு வீதியில் மெதுவாகி வந்த வேன் ஒன்றைப் பார்த்துக் கையில் சோளத்தைத் தூக்கிக் காட்டினார்.